திமிங்கலத்தின் கொடிவழி

நுழையும்முன்

உயிரினங்களை வகைப்படுத்துவது மனிதன் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி. எதனை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்துவது என்னும் வினாவுக்கான விடை மட்டும் காலந்தோறும் மாறிவந்துள்ளது. திமிங்கலம் என்னும் ஓர் உயிரினத்தைத் துணையாகக் கொண்டு அம்மாற்றத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1818ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் விந்தையான வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. மீன் எண்ணெய்ப் பீப்பாய்கள் அனைத்தும் அரசு ஆய்வாளரால் சோதிக்கப்படவேண்டும். அதற்குரிய கட்டணமும் செலுத்தப்படவேண்டும் என்று அம்மாநிலத்தில் அவ்வாண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சாமுவேல் ஜட் என்னும் வணிகர், சோதிக்கப்படாத திமிங்கல எண்ணெயை மூன்று பீப்பாய் வாங்கினார். ஆய்வாளர் ஜேம்ஸ் மாரிஸ் அவர்மீது 75 டாலர் தண்டம் கோரி வழக்குத் தொடுத்தார். வணிகரின் விடை எளிமையானது. சட்டம் மீன் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறது. திமிங்கலம் மீன் அன்று. ஆகவே தண்டம் செலுத்த வேண்டியதில்லை என்றார் அவர்.

எண்ணெயைப் பற்றிய வழக்கு இவ்வாறு உயிரியல் வழக்காக மாறியது. மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான சாமுவேல் மிட்சில் சாட்சிக் கூண்டில் ஏறினார். திமிங்கலம் நுரையீரலால் மூச்சு விடுகிறது. வெப்பக் குருதி உடையது. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. எனவே அது பாலூட்டி என்று விளக்கினார். திமிங்கல வேட்டைக்குச் சென்று திரும்பிய மாலுமிகளும் சாட்சி கூறினர். எதிர்த்தரப்பினர் விவிலியத்தையும் மக்கள் வழக்கையும் சான்று காட்டினர். கடலில் வாழ்வது, துடுப்பு உடையது, எல்லாரும் மீன் என்றே அழைப்பது. பின்னர் அது வேறு எதுவாக இருக்கமுடியும் என்று வினவினர். நடுவர் குழுவினர் கால் மணி நேரமே ஆலோசித்தனர். திமிங்கலம் மீன்தான் என்று தீர்ப்பாயிற்று. மிட்சில் தோற்றார், வணிகர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அதன்பின் சட்டத்தைத் திருத்தித் திமிங்கல எண்ணெய்க்கு விலக்கு அளிக்கவேண்டிய நிலை சட்டமன்றத்துக்கு உண்டாயிற்று என்பது வேறு கதை.

அந்நடுவர்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. உயிரின வகைப்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயசே 1735இல் வெளியிட்ட தம் நூலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார். 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில்தான் அதனைப் பாலூட்டிகளின் வகுப்புக்கு மாற்றினார். இத்தனைக்கும், ஓங்கில் என்று தமிழகக் கடலோர மக்கள் அழைக்கும் டால்பின் காற்றை மூச்சாகக் கொள்வதையும் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதையும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். செய்தி கையில் இருந்தும், எந்தப் பண்பை முதன்மையாகக் கொள்வது என்பது தெளிவாகாமல் இருந்ததே குழப்பத்துக்குக் காரணம்.

எது அடிப்படை?

தமிழில் இவ்வினாவுக்கான மிகப் பழைய விடை தொல்காப்பிய மரபியலில் உள்ளது. புல்லும் மரமும் ஓரறிவுடையன என்பதில் தொடங்கி, மக்கள் ஆறறிவுடையோர் என்பதுவரை புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு அந்நூல் உயிர்களை அடுக்குகிறது. அவ்வடுக்கில் நான்கறிவுடையனவாக நண்டும் தும்பியும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஒன்று நீரிலும் சேற்றிலும் வாழ்வது. மற்றொன்று வானில் பறப்பது. வாழும் இடத்தைப் பொருட்படுத்தாமல் இவ்விரண்டையும் சேர்க்கத் துணிந்தது நுட்பமான செயல். இன்றைய உயிரியலும் இவ்விரண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே தொகுதியில் வைக்கிறது. ஆயினும் அதற்கான காரணம் வேறு. இதனைக் கொண்டு படிமலர்ச்சிக் கொள்கையைத் தொல்காப்பியர் முன்பே அறிந்திருந்தார் என்று சொல்வது அந்நூலுக்குப் பெருமை சேர்க்காது, அறிவியலுக்கும் பயன்படாது. புலனறிவை அளவுகோலாகக் கொண்ட ஒழுங்கான வகைப்பாடு என்பதே அதற்குப் போதுமான சிறப்பு.

லின்னேயசின் அளவுகோல் உடலமைப்பு. சிற்றினங்கள் பல சேர்ந்து பேரினம், பேரினங்கள் பல சேர்ந்து வரிசை, வரிசைகள் பல சேர்ந்து வகுப்பு என ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகளைப் போன்ற அமைப்பை அவர் உருவாக்கினார். உயிரினங்கள் ஏன் இவ்வாறு பெட்டிக்குள் பெட்டியாக அடங்குகின்றன என்று அவர் வினவவில்லை. படைப்பின் ஒழுங்கு அது என்று கொண்டார்.

1859இல் சார்லஸ் டார்வின் அதற்கு விடை கூறினார். உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து கிளைத்துக் கிளைத்து வந்தவை. ஆகவே உண்மையான வகைப்பாடு என்பது ஒரு குடும்பத்தின் கொடிவழிப் பட்டியலைப் போன்றதே என்றார். அவருடைய நூலில் இடம்பெற்ற ஒரே படமும் கிளைவிடும் கோடுகளால் ஆனதுதான். அந்நூலிலேயே திமிங்கலத்தின் தோற்றம் பற்றி ஒரு குறிப்பும் இருந்தது. வட அமெரிக்கக் கரடி ஒன்று வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தி நீர்ப்பூச்சிகளைப் பிடித்ததைச் சுட்டி, அத்தகைய விலங்கு காலப்போக்கில் திமிங்கலம் போன்ற உருவைப் பெறுவது இயலாததன்று என எழுதினார். படித்தவர்கள் நகைத்தனர். அடுத்த பதிப்பில் அப்பகுதியை டார்வின் சுருக்கிவிட்டார். கொள்கை சரியாக இருந்தது, கரடிதான் பிழை. திமிங்கலத்தின் மூதாதை எது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டு எலும்பும் இல்லை.

சுவடியும் பிழையும்

கொடிவழியைக் கண்டறிவது எப்படி? இதனைத் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏனெனில் இதே பணியை உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஓலைச்சுவடிகளைக் கொண்டு செய்தனர்.

ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். பத்திலும் ஒரே பாடம் இருக்கும் இடங்கள் அச்சுவடிகளுக்கு இடையேயான நெருக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எல்லாம் ஒரு நூலின் படிகள் என்பதை மட்டுமே உணர்த்தும். மூன்று சுவடிகளில் மட்டும் ஒரே அடி விடுபட்டிருந்தால், அம்மூன்றும் அவ்வடி விடுபட்ட ஒரு மூலச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கருத இடமுண்டு. பொதுவான புதிய மாற்றமே உறவைக் காட்டுகிறது. எனினும் எல்லா மாற்றங்களையும் ஒரே அளவில் நம்பமுடியாது. சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். எனவே ரகரத்தைத் துணைக்காலாகப் படிக்கும் பிழையை, ஒருவரையொருவர் அறியாத இருவர் இரு வேறு ஊர்களில் தனித்தனியே செய்யக்கூடும். அதனைக் கொண்டு அவ்விரு சுவடிகளையும் உறவு என்று முடிவுகட்டினால் பதிப்பாசிரியர் ஏமாந்துபோவார்.

உயிரினங்களைப் பொறுத்தவரை இம்முறையைத் தெளிவான கோட்பாடாக வகுத்தவர் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக். இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஆங்கிலேயரிடம் போர்க்கைதியாக இருந்தபோது அவர் எழுதத் தொடங்கிய கருத்துகள் 1950இல் நூலாயின. பழைய பண்புகளைப் பகிர்ந்துகொள்வது உறவின் நெருக்கத்தைக் காட்டாது. பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றிய பண்புகளைப் பகிர்ந்துகொள்வதே காட்டும் என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். கெண்டை மீனுக்கும் திமிங்கலத்துக்கும் முதுகெலும்பு உண்டு. அது மிகப் பழைய பண்பு. பசுவுக்கும் காக்கைக்கும்கூட உண்டு. படகு போன்ற உடலும் துடுப்பும், துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் படிப்பதைப் போன்றவை. நீரில் விரைந்து செல்லவேண்டிய எந்த உயிரினத்துக்கும் அவ்வடிவம் ஏற்படலாம். சுறாவுக்கும், அழிந்துபோன மீன்பல்லிகளுக்கும், ஓங்கிலுக்கும் அது தனித்தனியே வாய்த்தது. நியூயார்க் நடுவர்கள் ஏமாந்த இடம் இதுவே.

உற்று நோக்கினால் திமிங்கலத்தின் உடல் நிலத்தை மறக்கவில்லை என்பது புலப்படும். மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்துகிறது. திமிங்கலமோ மேலும் கீழுமாக அசைக்கிறது. பாய்ந்தோடும் விலங்கின் முதுகெலும்பு வளைந்து நிமிரும் திசை அது. அதன் துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள் அனைத்தும் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திமிங்கல எலும்புக்கூட்டைக் காணச் செல்லும் மாணவர்கள், அதன் அளவைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல் அந்தக் கையையும் பார்த்து வரவேண்டும். ஓங்கிலின் கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிச் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன.

பற்களா, மரபணுவா?

திமிங்கலம் நிலத்திலிருந்து சென்றது என்பதில் ஐயம் தீர்ந்தபின், எந்த நில விலங்கிலிருந்து சென்றது என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தனர்.

தொல்லுயிரெச்ச ஆய்வாளர்கள் பற்களை நம்பினர். மெசோனிக்கிட் எனப்படும், ஓநாய் போன்ற தோற்றமும் குளம்பு போன்ற விரல்நுனியும் கொண்ட, அழிந்துபோன ஊனுண்ணிகளின் முக்கோணப் பற்கள் பழந்திமிங்கலங்களின் பற்களை ஒத்திருந்தன. 1966 முதல் இக்கருத்து வலுப்பெற்றது. 1981இல் பாகிஸ்தானில் கிடைத்த ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையான மண்டையோட்டை பிலிப் கிங்கரிச்சும் டொனால்டு ரசலும் பாகிசீட்டஸ் எனப் பெயரிட்டு அறிமுகப்படுத்தினர். அதன் செவியெலும்பு திமிங்கலத்துக்கே உரியதாக இருந்தது. கிடைத்த இடமோ கடற்படிவு அன்று, ஆற்றுப்படிவு. கிங்கரிச் பின்னர் எகிப்துப் பாலைவனத்தில், பதினைந்து மீட்டருக்கும் நீண்ட பசிலோசாரஸ் என்னும் பழந்திமிங்கலத்துக்கு மனிதக் கையினும் குறுகிய பின்னங்கால்கள் இருந்ததையும் கண்டார். பசிலோசாரஸ் என்பதற்கு அரசப் பல்லி என்று பொருள். 1834இல் பெயரிட்டவர் அதனை ஊர்வன என்று எண்ணிவிட்டார். அது பாலூட்டி என்று ஐந்தே ஆண்டுகளில் தெரியவந்தும், முதலில் இட்ட பெயரே நிற்கும் என்னும் பெயரிடல் விதியால் அத்திமிங்கலம் இன்றும் பல்லியாகவே அழைக்கப்படுகிறது.

மற்றோர் அணியினர் மரபணுவைப் படித்தனர். அவர்களுக்குக் கிடைத்த விடை எவரும் எதிர்பாராதது. திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய வாழும் உறவு நீர்யானை என்றது மரபணு. ஜப்பானிய ஆய்வாளர் நோரிஹிரோ ஒக்காடாவும் அவர்தம் குழுவினரும் 1997இலும் 1999இலும் வெளியிட்ட சான்று தனித்தன்மை வாய்ந்தது. மரபணுத்தொகுதியில் சில சிறு துண்டுகள் தம்மைத் தாமே படியெடுத்து வேறோர் இடத்தில் சென்று செருகிக்கொள்ளும். செருகிக்கொண்ட துண்டு தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கும். நீர்யானையிலும் திமிங்கலத்திலும் அத்தகைய துண்டுகள் ஒரே இடங்களில் இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் அவ்விடங்கள் வெறுமையாக இருந்தன. நூலின் நடுவே தொடர்பற்ற ஒரு வாக்கியம் இரு சுவடிகளில் ஒரே சொல்லுக்குப்பின் செருகப்பட்டிருப்பதைப் போன்றது இது. அதனை இருவர் தனித்தனியே செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பற்களை நம்பியவர்கள் உடனே இணங்கவில்லை. அவர்கள் கேட்டது நியாயமானதே. நீர்யானை, பசு, மான், பன்றி, ஒட்டகம் ஆகிய இரட்டைப்படைக் குளம்பிகள் அனைத்துக்கும் கணுக்காலில் ஒரு தனி அடையாளம் உண்டு. அங்குள்ள ஓர் எலும்பு மேலும் கீழும் இரு கிணற்றுக் கப்பிகளை இணைத்ததுபோல் பள்ளம் பெற்றிருக்கும். வேறு எந்தப் பாலூட்டிக்கும் இவ்வமைப்பு இல்லை. திமிங்கலம் இக்கூட்டத்தைச் சேர்ந்ததானால் கால்கள் இருந்த பழந்திமிங்கலத்துக்கு இரட்டைக் கப்பி இருக்கவேண்டும், எங்கே அது?

2001 செப்டம்பரில் விடை கிடைத்தது. பாகிஸ்தானில் தனித்தனியே பணியாற்றிய கிங்கரிச்சின் குழுவும் ஹான்ஸ் தேவிசனின் குழுவும் பழந்திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகளை ஒரே வாரத்தில் வெளியிட்டன. அவற்றில் இரட்டைக் கப்பி தெளிவாக இருந்தது. கிங்கரிச் நெடுங்காலம் மெசோனிக்கிட் கருத்தை ஆதரித்தவர். தம் கையாலேயே தோண்டியெடுத்த எலும்பு தம் கருத்தைப் பொய்யாக்கியபோது, அதனை வெளிப்படையாக ஏற்று எழுதினார். இவ்வரலாற்றில் திமிங்கலத்தின் பயணத்துக்கு அடுத்தபடியாக நினைவில் நிற்கவேண்டிய செய்தி அதுவே.

காலாகோட்டுக் கற்கள்

இக்கதையின் அடுத்த பகுதி இந்தியாவுக்கு உரியது. சம்முவைச் சேர்ந்த காலாகோட் பகுதியில், இமயம் எழுவதற்குமுன் இந்திய நிலத்துக்கும் ஆசிய நிலத்துக்கும் இடையே டெத்திஸ் என்னும் கடல் சுருங்கிக்கொண்டிருந்த காலத்துப் பாறைகள் உள்ளன. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்குப் பெருமளவில் பாறைத் துண்டுகளைத் திரட்டினார். அவற்றில் கிடைத்த தாடைகளையும் பற்களையும் கொண்டு 1971இல் ஒரு சிறு குளம்பிக்கு இந்தோகியஸ் எனப் பெயரிட்டார். அவ்விலங்கின் குடும்பமே அவர் பெயரால் ராயெல்லிடே என வழங்குகிறது. அவர் மறைந்தபோது அக்கற்களுள் பல உடைக்கப்படாமலே இருந்தன. அவருடைய மனைவி அவற்றைக் காத்துவைத்திருந்து, பின்னாளில் தேவிசனிடம் ஒப்படைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் அக்கற்களைச் செதுக்கித் தூய்மை செய்துகொண்டிருந்தபோது ஒரு மண்டையோட்டின் செவிப்பகுதி கைதவறி உடைந்துவிட்டது. உடைந்த துண்டைப் பொருத்த முயன்றபோதுதான் தேவிசன் அதன் உட்புறத்தைக் கண்டார். நடுச்செவியை மூடும் எலும்புக் கிண்ணத்தின் உள்விளிம்பு தடித்திருந்தது. பாகிசீட்டஸ் முதல் இன்றைய நீலத்திமிங்கலம் வரை திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட அடையாளம் அது. அதனைச் சுமந்த இந்தோகியசோ பூனையினும் சற்றே பெரிய, மெல்லிய கால்களுடைய விலங்கு. தமிழகக் காடுகளில் வாழும் சருகுமானுக்கு நீண்ட வால் அமைந்தாற்போன்ற உருவம். 2007இல் தேவிசனும் சுனில் பாஜ்பாய் முதலிய இந்திய அறிஞர்களும் இணைந்து இம்முடிவை வெளியிட்டனர். இந்தோகியசின் கால் எலும்புகள், நீரின் அடியில் நடக்கும் விலங்குகளுக்கு உள்ளவாறு கனத்துத் தடித்திருந்தன. பற்களில் உள்ள ஆக்சிஜனின் தன்மையும் நீர்வாழ்வைச் சுட்டியது. ஆப்பிரிக்க நீர்ச்சருகுமான் இன்றும் கழுகைக் கண்டால் ஓடைக்குள் குதித்து மூழ்கிக்கொள்கிறது. அஞ்சி ஒளியும் அத்தகைய பழக்கமே கடற்பயணத்தின் தொடக்கமாகலாம். மீன் வேட்டை பின்னர் வந்திருக்கக்கூடும்.

கொடிவழி தெளிவானபின், பழகிய பெயர்கள் சற்று வேடிக்கையாகத் தோன்றும். ஆற்றங்கரையில் கிடக்கும் அப்பெருவிலங்கைத் தமிழர் நீர்யானை என்றனர். கிரேக்கர் ஆற்றுக்குதிரை என்றனர். விலங்கியலார் பன்றிக்கு உறவு என்றனர். மூவரும் தவறினர். பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் மேயும் கடற்பசுவைத் திமிங்கலத்துக்கு உறவாக எண்ணத் தோன்றும். அதற்கு நெருங்கிய உறவு யானை. அக்கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்துள்ளது. தொழுவத்தில் நிற்கும் பசுவுக்கோ குதிரையைவிடத் திமிங்கலமே நெருங்கிய உறவு. முதலைக்குப் பல்லியைவிடக் காக்கை நெருக்கம்.

நியூயார்க் நடுவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு. நுரையீரல்மீன் என்னும் மீனுக்குக் கெண்டையைவிடப் பசுவே நெருங்கிய உறவு. ஆகவே மீன்கள் அனைத்தையும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களாகச் சேர்க்க முற்பட்டால், நாற்காலிகள் அனைத்தையும் உடன் சேர்க்கவேண்டிவரும். அப்போது திமிங்கலம் மீன்தான். வழக்காடிய வணிகரும், சாட்சி கூறிய மிட்சிலும், தீர்ப்பளித்தவர்களும் மீன்களே.

இந்தோகியசைத் திமிங்கலத்தின் மூதாதை என்று சில செய்தித்தாள்கள் எழுதின. அது சரியன்று. காலாகோட்டுப் பாறைகளின் வயது ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டு. அவற்றினும் பழைய பாறைகளில் பாகிசீட்டஸ் ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறது. பேத்திக்குப் பின் பிறந்தவள் பாட்டியாக இருக்கமுடியாது. இந்தோகியஸ் அக்குடும்பத்தின் வேறொரு கிளை. உறவுமுறையில் சொல்வதானால் அத்தை முறை. இரு கிளைகளுக்கும் பொதுவான பாட்டியின் எலும்பு இன்னும் கிடைக்கவில்லை. கொடிவழிப் படங்களில் அவ்விடம் பெயர் எழுதப்படாமல், இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளியாகவே வரையப்படுகிறது.